அடி வாங்கி வர்ற பொண்ணுகிட்ட எப்படிப் பேசறது? ஆஸ்பத்திரி வேலைக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

"படியில வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்." கேஷுவாலிட்டியில ஒரு வருஷம் டூட்டி பாத்தவங்க எல்லாருக்கும் இந்த பதில் பழக்கம். படி, பாத்ரூம், கதவு, இந்த மூணும் சேர்ந்து பொம்பளைங்கள மட்டும் இவ்வளவு பதம் பாக்குமான்னு ஷிஃப்ட் மாறும்போது நாங்க பேசிக்குவோம், பேசிட்டு அடுத்த கேஸுக்கு போயிடுவோம்.

நான் வேலைக்கு சேர்ந்து மூணு மாசம் ஆகியிருக்கும். கண்ணு வீங்கி, புருவம் கிழிஞ்சு ஒரு பொண்ணு வந்தாங்க, கூடவே வீட்டுக்காரர். பேரு என்ன, வயசு என்ன, எப்படி ஆச்சு, எத கேட்டாலும் பதில் அவர்தான் சொல்றாரு. எனக்கு உள்ள கொதிக்குது, பெரிய நியாயவாதி மாதிரி அவர் எதிர்லயே "உண்மைய சொல்லுங்கம்மா, யாரு அடிச்சா?"ன்னு சத்தமா கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு என்னை பாக்கல, அவரத்தான் பாத்தாங்க. படிதான்னு சொன்னாங்க. தையல் போட்டு அனுப்பினோம், தையல் பிரிக்க வரவே இல்ல. நான் கேட்ட கேள்விக்கு அன்னிக்கு ராத்திரி அடி வாங்கினது யாரா இருக்கும்னு எனக்கு உறைக்கறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.

அதனாலதான் இத எழுதறேன். புது நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், கிராமம் கிராமமா போற ஹெல்த் ஒர்க்கர், ரத்தம் எடுக்கறவங்க, சீட்டு போடற இடத்துல உக்கார்றவங்க, யாரா இருந்தாலும் சரி. முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், அந்தப் பொண்ண அந்த வீட்டுலேருந்து பிரிச்சு வெளிய கொண்டு வர்றது உங்க வேலை இல்ல. காயத்துக்கு மருந்து போடணும், காது கொடுத்து கேக்கணும், இன்னிக்கு ராத்திரி உயிருக்கு ஆபத்து இருக்கான்னு பாக்கணும், மறுபடி நம்மகிட்ட வரலாம்னு அவங்களுக்கு தோணற மாதிரி அனுப்பி வைக்கணும். அவ்வளவுதான், ஆனா அந்த அவ்வளவ ஒழுங்கா செய்யறதுக்கே நிறைய பழகணும்.

முதல்ல நம்ம மனசுல என்ன இருக்குன்னு பாருங்க

உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட கணக்குப்படி 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பெண்கள்ல கிட்டத்தட்ட 3 பேருக்கு 1 ஆள், அதாவது சுமார் 73.6 கோடி பேர், புருஷன் இல்ல துணையா இருக்கறவர்கிட்ட அடி உதையோ பாலியல் வன்முறையோ, இல்லன்னா வேற ஆள்கிட்ட பாலியல் வன்முறையோ வாழ்க்கையில ஒரு தடவையாவது அனுபவிச்சிருக்காங்க. ஒரு ஓபி நாள்ல உங்க எதிர்ல எத்தன பொண்ணுங்க உக்கார்றாங்கன்னு எண்ணிப் பாருங்க. உங்க கூட டூட்டி பாக்கறவங்களையும் சேர்த்து எண்ணுங்க.

இவ்வளவு பேர் வந்தும் நாம ஏன் கேக்கறதில்ல? 1992ல அமெரிக்காவுல 38 டாக்டர்கள்கிட்ட இதையே கேட்டு ஒரு ஆய்வு பண்ணாங்க. இத பத்தி பேஷண்ட்கிட்ட பேச்சு எடுக்கறது கிரேக்கக் கதையில வர்ற பண்டோரா பெட்டிய தொறக்கற மாதிரின்னு சொன்னாங்களாம், தொறந்தா என்னென்ன வெளிய வரும்னு தெரியாது, திரும்ப மூடவும் முடியாது. நேரம் இல்ல, கேட்டா அவங்க கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது, தெரிஞ்சாலும் நம்மளால என்ன செய்ய முடியும், இதெல்லாம் அவங்க சொன்ன காரணம். இன்னொண்ணும் சொன்னாங்க, அதுதான் எனக்கு ரொம்ப உண்மையா பட்டது. பேஷண்ட் நம்மள மாதிரியே படிச்சு, நம்மள மாதிரியே வீடு வாசலோட இருந்தா, இவங்க வீட்டுல போய் இப்படி நடக்குமான்னு மனசு நம்பவே மாட்டேங்குது. 30 வருஷம் தாண்டிடுச்சு, இன்னிக்கு எந்த ஊர் ஸ்டாஃப் ரூம்ல போய் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

இது டாக்டர்கள் வெளிய சொன்ன காரணம். வெளிய சொல்லாத காரணமும் இருக்கு. "புருஷன் பொண்டாட்டி சண்டையில நாம ஏன் தலையிடணும்", "இவங்க என்ன பண்ணாங்களோ", "போன மாசமும் இதேதான், மறுபடி அவன்கிட்டயே போறா, இவளுக்கு எதுக்கு நம்ம நேரம்". இத சொல்றது ஆம்பளைங்க மட்டும்னு நெனைச்சிடாதீங்க. ஒரு சீனியர் சிஸ்டர் என்கிட்ட "ஒரு அறை கூட வாங்காம யாரு குடும்பம் நடத்தியிருக்கா"ன்னு சாதாரணமா கேட்டாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, ராத்திரி பூரா கண்ணு முழிச்சு பேஷண்ட பாத்துக்கறவங்க. வெள்ளை யூனிஃபார்ம் போட்டா மட்டும் ஊர்ல எல்லாரும் நெனைக்கறது நம்ம மனசுலேருந்து போயிடாது, அதான் விஷயம்.

அதனால முதல் ஸ்டெப் இதுதான். டூட்டி இல்லாத ஒரு நேரத்துல உக்காந்து உங்களையே கேட்டுக்கோங்க: ஒரு பொண்ணு அடி வாங்கினான்னு கேட்டதும் எனக்கு முதல்ல வர்ற நெனப்பு என்ன? "பாவம்"னு வருதா, "ஏன் போகல"ன்னு வருதா, இல்ல கோவம் வருதா? எது வந்தாலும் உங்க மூஞ்சியில தெரிஞ்சிடும். வருஷக்கணக்கா ஒருத்தரோட மூஞ்சிய பாத்து இப்ப அடி விழுமா விழாதான்னு கணிச்சு கணிச்சு வாழ்ந்தவங்க அவங்க, உங்க புருவம் ஒரு நூல் அளவு தூக்கினாலும் அவங்களுக்கு புரிஞ்சிடும், அப்புறம் வாய தொறக்க மாட்டாங்க.

கேக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

ஆள் இல்லாத இடம் கிடைக்கலன்னா கேக்காதீங்க. கர்ட்டன இழுத்து விட்டா தனி ரூம் ஆயிடாது, பக்கத்து பெட்டுக்கு எல்லாமே கேக்கும். புருஷன் மட்டும் இல்ல, மாமியார், நாத்தனார், சொந்த அம்மா கூட வெளிய இருக்கட்டும். பேச்சு வந்த குழந்தை பக்கத்துல இருந்தாலும் கேக்காதீங்க, வீட்டுக்கு போய் "அம்மா சிஸ்டர்கிட்ட அழுதாங்க"ன்னு அது பாட்டுக்கு சொல்லிடும். பாஷை தெரியாத பேஷண்ட்டா இருந்தா கூட வந்தவர மொழிபெயர்க்க வைக்கவே வைக்காதீங்க, ஸ்டாஃப்ல அந்த பாஷை தெரிஞ்ச ஒரு பொம்பளைய கூப்பிடுங்க.

கூட வந்தவர வெளிய அனுப்பறதுதான் புதுசா வந்தவங்களுக்கு பெரிய பிரச்சனை. அவர தனியா குறி வச்சு "நீங்க வெளிய போங்க"ன்னா சந்தேகம் வந்துடும். நல்ல வழி என்னன்னா எல்லா பேஷண்ட்டுக்கும் ஒரே ரூல், செக்கப் ரூம்ல முதல் அஞ்சு நிமிஷம் பேஷண்ட் மட்டும்தான், கதவுல எழுதியே ஒட்டிடுங்க. உங்க இடத்துல அந்த மாதிரி ரூல் இல்லன்னா எடை பாக்கணும், யூரின் சாம்பிள் எடுக்கணும், பொம்பளை சம்பந்தமா சோதிக்கணும்னு சொல்லி அவங்கள மட்டும் உள்ள கூட்டிட்டு போங்க. அவர் விடவே மாட்டேங்கறாரா, சரி, அன்னிக்கு கேக்காதீங்க. ரெவ்யூவுக்கு கிட்டத்துல ஒரு தேதி கொடுங்க. அன்னிக்கு கேக்காம விட்டதால பெரிசா எதுவும் போயிடாது, தப்பான இடத்துல கேட்டா போகும், அத நான் மேலயே சொல்லிட்டேன்.

அப்புறம், கேட்டு அவங்க ஆமான்னு சொல்லிட்டா அடுத்து யார கூப்பிடணும், எங்க அனுப்பணும்னு தெரியாம வாய தொறக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2013ல கொடுத்த வழிகாட்டுதலும் இதத்தான் சொல்லுது, தனிமை, ரகசியம், இதுக்கு பயிற்சி எடுத்த ஆள், அனுப்பறதுக்கு ஒரு இடம், இதெல்லாம் இருந்தாதான் கேள்வியே. அதே வழிகாட்டுதல்படி வர்ற எல்லா பொண்ணுங்ககிட்டயும் கட்டாயமா கேட்டே ஆகணும்னு இல்ல, அறிகுறி இருந்தா கேளுங்கன்னுதான் இருக்கு. சில நாடுகள்ல குழந்தை பெத்துக்கற வயசுல உள்ள எல்லார்கிட்டயும் கேக்கற பழக்கம் இருக்கு, உங்க ஆஸ்பத்திரியில எதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க.

அறிகுறின்னா காயம் மட்டும் இல்ல

காயம் இருந்தாத்தான் சந்தேகப்படணும்னு நெனைச்சா பாதிக்கு மேல விட்டுடுவீங்க. துணைகிட்ட அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்ச பொண்ணுங்கள்ல 42 சதவீதம் பேருக்குத்தான் அதனால காயம் ஆகியிருக்குன்னு 2013ல வந்த உலக அளவு கணக்கு சொல்லுது. மிச்சப் பேர் வேற ஏதோ ஒண்ணோட வருவாங்க. ஆறு மாசமா போகாத தலைவலி, எல்லா ஸ்கேனும் நார்மலா வந்தும் தீராத அடிவயித்து வலி, தூக்கம் வரல, படபடப்பு, திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல் தொற்று, வேண்டாத கர்ப்பம் அடுத்தடுத்து, தூக்க மாத்திரை அதிகமா போட்டுக்கிட்டு வர்றது. கேஸ் ஷீட் தடிமனா இருக்கும், டயக்னோசிஸ் மட்டும் இருக்காது. சில டாக்டருங்க "இவங்களுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வராங்க"ன்னு சொல்லுவாங்களே, அந்த ஷீட்ட எடுத்து ஒரு தடவை நிதானமா படிங்க.

காயம் இருந்தா, சொல்ற கதையும் காயமும் பொருந்துதான்னு பாருங்க. கீழ விழுந்தா முட்டி, உள்ளங்கை, முழங்கை சிராயும். மூஞ்சி, கழுத்து, மார்பு, வயிறு, அப்புறம் கை முழங்கைக்கு கீழ வெளிப்பக்கம், அதாவது தடுக்கறதுக்கு கைய தூக்கினா அடி படற இடம், இங்கெல்லாம் காயம் இருந்தா யோசிக்கணும். பழைய காயமும் புது காயமும் சேர்ந்து இருக்கறது, காயம் பட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்றது, கர்ப்பமா இருக்கும்போது வயித்துல அடி, இதெல்லாமும்தான். ஒரு எச்சரிக்கை, கன்னிப்போன நிறத்த வச்சு "இது மூணு நாள் ஆனது, இது அஞ்சு நாள் ஆனது"ன்னு கணக்கு சொல்லாதீங்க, நிறத்த வச்சு நாள சரியா சொல்ல முடியாது, நாளைக்கு கோர்ட்டுல அதுவே அந்தப் பொண்ணுக்கு எதிரா திரும்பும்.

கேக்கற விதம்

"குடும்ப வன்முறை நடக்குதா?"ன்னு கேட்டீங்கன்னா இல்லன்னுதான் பதில் வரும். பொய் சொல்றாங்கன்னு இல்ல, அவங்க வீட்டுல நடக்கறதுக்கு அந்தப் பேர அவங்க வச்சதே இல்ல. கோவக்காரர்னுதான் சொல்லுவாங்க. அதனால சாதாரணப் பேச்சுல கேளுங்க. நான் இப்படி ஆரம்பிப்பேன்: "இந்த மாதிரி தலைவலியோட வர்றவங்க நிறைய பேருக்கு வீட்டுல ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும்மா, அதனால எல்லார்கிட்டயும் கேப்பேன். உங்களுக்கு வீட்டுல எப்படி போகுது?" கொஞ்சம் பேச விட்டு அப்புறம், "வீட்டுல யாரையாவது நெனைச்சா பயமா இருக்கா?" அப்புறம் நேராவே, "அடிக்கறது, தள்ளி விடறது, அந்த மாதிரி உண்டா?" "நீங்க வேணாம்னு சொன்னாலும் கட்டாயப்படுத்துவாரா?" "வெளிய போக, காசு எடுக்க, அம்மா வீட்டுக்கு போன் பண்ண விடுவாரா?"

கேட்டுட்டு சும்மா இருங்க. இதுதான் ரொம்ப கஷ்டம். பத்து செகண்ட் மௌனம் நமக்கு பத்து நிமிஷம் மாதிரி இருக்கும், உடனே "ஒண்ணும் இல்லல்ல?"ன்னு நாமளே பதிலையும் எடுத்துக் கொடுத்துடுவோம். கம்ப்யூட்டர பாத்துக்கிட்டு, பேனாவ கையில வச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டு கேக்காதீங்க. உக்காருங்க, அவங்க கண்ணு மட்டத்துக்கு.

இல்லன்னு சொன்னா இல்லதான். துருவாதீங்க. "சரிம்மா, எப்பவாவது பேசணும்னு தோணுச்சுன்னா இங்க வரலாம்"னு மட்டும் சொல்லி விடுங்க. மூணாவது தடவை வரும்போது சொல்றவங்க இருக்காங்க.

ஆமான்னு சொல்லிட்டாங்க, இப்ப என்ன?

உலக சுகாதார நிறுவனம் இதுக்கு லைவ்ஸ்னு ஒரு சுருக்கப் பேர் வச்சிருக்கு, அஞ்சு விஷயம்: காது கொடுத்து கேளு, என்ன வேணும்னு விசாரி, நம்பறேன்னு சொல்லு, பாதுகாப்ப பாரு, துணைக்கு ஆள் சேத்து விடு. மனோதத்துவம் படிச்சவங்க மட்டும்தான் செய்யணும்னு இல்ல, புதுசா வந்த நர்ஸும் செய்யலாம், பத்து நிமிஷம் கிடைச்சாலும் செய்யலாம்.

சொல்ல வேண்டிய வார்த்தை ரொம்ப கொஞ்சம். "இத சொன்னது நல்லதும்மா." "நீங்க சொல்றத நான் நம்பறேன்." "இது உங்க தப்பு இல்ல, யாருக்கும் உங்கள அடிக்க உரிமை இல்ல." இந்த மூணையும் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகுங்க, கூச்சமா இருக்கும், பரவால்ல. எழுதி வச்சத ஒப்பிக்கற மாதிரி வந்துடக் கூடாது.

சொல்லக் கூடாதது நிறைய இருக்கு. "ஏன் இத்தன நாள் சொல்லல?" "நீங்க என்ன சொன்னீங்க, அவருக்கு ஏன் அவ்வளவு கோவம் வந்தது?" "குழந்தைங்க முகத்த பாத்து பொறுத்துக்கோங்க." "என் சொந்தக்காரப் பொண்ணுக்கு இதவிட மோசம்." "நானா இருந்தா அன்னிக்கே வெளிய வந்திருப்பேன்." கடைசியா சொன்னது அன்பா சொல்ற மாதிரி தெரியும், ஆனா கேக்கறவங்களுக்கு நீ கையாலாகாதவன்னு சொன்ன மாதிரிதான் இருக்கும். "அவர உள்ள கூப்பிடுங்க, நான் பேசி புரிய வைக்கறேன்"ங்கறது எல்லாத்தையும்விட ஆபத்து. நம்ம எதிர்ல தலைய ஆட்டுவாரு, ஆஸ்பத்திரி வாசல தாண்டினதும் கணக்கு தீர்ப்பாரு. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு பஞ்சாயத்து பண்ற வேலையே வேணாம்.

அழுதா அழ விடுங்க. நடந்தது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்ல சொல்லி நோண்டவும் கூடாது, அன்னிக்கே மொத்தத்தையும் கொட்ட வச்சா மனசு லேசாயிடும்னு ஒரு நம்பிக்கை முன்னாடி இருந்தது, அது உதவாதுன்னு இப்ப தெளிவாவே சொல்லிட்டாங்க. மருத்துவத்துக்கு எது தேவையோ அத மட்டும் கேளுங்க, மிச்சத்த அவங்களே சொன்னா கேட்டுக்கோங்க.

"உங்களுக்கு இப்ப எது ரொம்ப கவலையா இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. நாம போலீஸ், கோர்ட்னு நெனைச்சிட்டு இருப்போம், அவங்களுக்கு நாளைக்கு காலையில பிள்ளைய ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டு போவாங்கன்னு கவலையா இருக்கும். அதுலேருந்துதான் ஆரம்பிக்கணும்.

கழுத்த நெரிச்சாரான்னு தனியா கேளுங்க

இத தனியா எழுதறதுக்கு காரணம் இருக்கு, புதுசா வந்தவங்க மட்டும் இல்ல, பழைய ஆளுங்களே அடிக்கடி விட்டுடறது இது. "கழுத்த புடிச்சாரு"ன்னு அவங்க சாதாரணமா சொல்லிட்டு போவாங்க, வெளிய ஒரு தடமும் இருக்காது, நாமளும் உதட்டுக் காயத்துக்கு மருந்து போட்டு அனுப்பிடுவோம். 2001ல அமெரிக்காவுல சான் டியேகோ நகரத்துல 300 கழுத்து நெரிப்பு கேஸ எடுத்து பாத்தப்போ பாதிப் பேருக்கு கண்ணுக்கு தெரியற காயமே இல்ல. உள்ள இருக்கற கழுத்து ரத்தக் குழாய்ல கிழிசல் இருந்தா அன்னிக்கு நல்லா நடந்து போன ஆளுக்கு சில நாள் கழிச்சு கூட ஸ்ட்ரோக் வரலாம்.

அதனால குரல் கரகரப்பா மாறியிருக்கா, எச்சில் முழுங்கும்போது வலிக்குதா, மூச்சு வாங்குதா, நெனவு தப்பினாங்களா, அப்ப யூரின் போயிடுச்சா, கண்ணு இருட்டிச்சா, இதெல்லாம் கேளுங்க. கண்ணு வெள்ளையில, இமைக்குள்ள, காதுக்குப் பின்னாடி குண்டூசி முனை மாதிரி சிவப்பு புள்ளி இருக்கான்னு லைட் அடிச்சு பாருங்க. ஏதாவது ஒண்ணு இருந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், "கழுத்து வலி"ன்னு இல்ல, "கழுத்து நெரிப்பு"ன்னு அந்த வார்த்தையையே சொல்லணும். கர்ப்பமா இருந்தா குழந்தையோட துடிப்பும் பாக்கணும்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு தடவை கழுத்த நெரிச்சவர் பின்னாடி கொலை வரைக்கும் போற வாய்ப்பு பல மடங்கு அதிகம், 2008ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 7 மடங்குக்கு மேலன்னு வந்தது. அறையறதும் கழுத்த புடிக்கறதும் ஒண்ணு இல்லன்னு மனசுல பதிய வச்சுக்கோங்க.

இன்னிக்கு வீட்டுக்கு போகலாமா

உலக சுகாதார நிறுவனத்தோட 2014 கையேட்டுல சில கேள்வி இருக்கு, நான் பாக்கெட் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். கடந்த 6 மாசத்துல அடி அடிக்கடி விழுதா, இல்ல முன்னவிட மோசமாயிடுச்சா? ஆயுதம் எடுத்தாரா, எடுப்பேன்னு மிரட்டினாரா? கழுத்த நெரிக்கப் பாத்தாரா? உங்கள கொன்னுடுவாருன்னு நெனைக்கறீங்களா? கர்ப்பமா இருக்கும்போது அடிச்சிருக்காரா? எப்பப் பாத்தாலும் வெறித்தனமா சந்தேகப்படறாரா? இதுல 3க்கு ஆமான்னு வந்தாலே ஆபத்து ரொம்ப கிட்டத்துல இருக்குன்னு எடுத்துக்கணும். ஒண்ணுக்குத்தான் ஆமா, ஆனா அவங்களே "இன்னிக்கு போனா என்னை விடமாட்டாரு சிஸ்டர்"னு சொல்றாங்கன்னா அதுவே போதும், அவர பத்தி நம்மள விட அவங்களுக்குத்தான் தெரியும்.

அப்படி இருந்தா தனியா முடிவு எடுக்காதீங்க, சீனியர், சோஷியல் ஒர்க்கர், டூட்டி டாக்டர் எல்லாரையும் சேர்த்துக்கோங்க, மருத்துவக் காரணம் ஏதாவது காட்டி ஒரு ராத்திரி அட்மிட் பண்ணி வைக்க முடியுமான்னு பாருங்க. ஆபத்து அவ்வளவு இல்ல, வீட்டுக்குத்தான் போறாங்கன்னா ஒரு சின்ன திட்டம் பேசிடுங்க. அவசரம்னா ஓடிப்போக ஒரு வீடு எது, பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டா போன் பண்றதுக்கு யாரு, அடையாள அட்டை, குழந்தைங்க சர்டிஃபிகேட், மாத்திரை, கொஞ்சம் காசு, சாவி இதெல்லாம் ஒரு பையில போட்டு வேற யார் வீட்டுலயாவது வைக்க முடியுமா, சண்டை வந்தா சமையல்கட்டு பக்கம், கதவு இல்லாத மூலை பக்கம் போகாம இருக்க முடியுமா. உதவி நம்பர நோட்டீஸா கையில கொடுக்காதீங்க, பைய துழாவற ஆள்கிட்ட அது மாட்டும். மனப்பாடம் பண்ண சொல்லுங்க, இல்ல போன்ல வேற பேர்ல பதிவு பண்ண சொல்லுங்க. ரெவ்யூ தேதி சொல்றதுக்கு எந்த நம்பருக்கு, எந்த நேரத்துல கூப்பிட்டா பிரச்சனை இல்லன்னும் கேட்டு வச்சுக்கோங்க.

பாலியல் வன்முறைன்னா கடிகாரம் ஓடுது

இங்க மட்டும் நேரம் ரொம்ப முக்கியம். ஹெச்ஐவி வராம தடுக்கற மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடர்ந்து போடணும். கர்ப்பம் தடுக்கற அவசர மாத்திரை 5 நாளுக்குள்ள, அதுவும் முதல் நாள்லயே கொடுத்தா பலன் அதிகம். தொற்றுக்கு மருந்து, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. போலீஸ் பேப்பர் வரட்டும், புகார் கொடுக்கட்டும் அப்புறம் மருந்து பாக்கலாம்னு உக்கார வைக்கறத நான் பாத்திருக்கேன், அது மாதிரி தப்பு வேற இல்ல. மருந்துக்கும் புகாருக்கும் சம்பந்தமே கிடையாது.

தடயம் எடுக்கறதுக்கு பழகின ஆள் இருந்தா அவங்க எடுக்கட்டும், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முன்னாடி சொல்லி சம்மதம் வாங்கணும், நடுவுல போதும்னா நிறுத்தணும். துணிய பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, ஈரம் அடைச்சு தடயம் கெட்டுப் போகும், பேப்பர் கவர்தான். அப்புறம் இந்த ரெண்டு விரல் விட்டு பாத்து கன்னியா இல்லையான்னு சொல்ற பழக்கம். அதுக்கு மருத்துவ ரீதியா எந்த அர்த்தமும் இல்ல, 2018 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் சேர்ந்து இத எல்லா இடத்துலயும் நிறுத்தணும்னு சொல்லிட்டாங்க. உங்க பழைய ஃபார்ம்ல அந்தக் கட்டம் இன்னும் இருந்தா நிரப்பாதீங்க, ஃபார்ம மாத்த சொல்லி எழுதிக் கொடுங்க.

எழுதறது

அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே மேற்கோள் குறி போட்டு எழுதுங்க. "கணவர் பெல்ட்டால் முதுகில் அடித்தார் என்கிறார்" சரி. "அடித்ததாகக் கூறப்படுகிறது", "அடித்ததாக வாதிடுகிறார்"னு எழுதினா நாமளே நம்பாத மாதிரி இருக்கும். காயத்தோட இடம், அளவு, வடிவம், நிறம் எழுதுங்க, உடம்பு படம் போட்ட ஷீட் இருந்தா அதுல குறிங்க, போட்டோன்னா சம்மதம் வாங்கி, ஆஸ்பத்திரி கேமராவுல, உங்க சொந்த போன்ல கண்டிப்பா இல்ல. அழுதாங்க, கை நடுங்குச்சுன்னா அதையும் எழுதுங்க, "ஹிஸ்டீரிக்கல்"னு எழுதாதீங்க. வீட்டுக்கு கொண்டு போற சீட்டுலயும், பெட்டுல தொங்கற சார்ட்டுலயும், செல்லுக்கு போற மெசேஜ்லயும் இத பத்தி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது.

போலீஸுக்கு தெரிவிக்கறது ஒவ்வொரு நாட்டு சட்டத்துக்கும் வேற வேற. கட்டாயம் தெரிவிக்கணும்னு உங்க இடத்துல சட்டம் இருந்தா அவங்க பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. எல்லாத்தையும் ரகசியம்னு சொல்லி கேட்டுட்டு அப்புறம் போன எடுத்தீங்கன்னா அந்தப் பொண்ணு இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டாங்க.

திரும்ப அவர்கிட்டயே போறாங்க

போவாங்க. பல பேர் போவாங்க, நமக்கு வயிறு எரியும். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, பிரிஞ்சு போற நேரமும் பிரிஞ்ச உடனே வர்ற மாசங்களும்தான் உயிருக்கு ரொம்ப ஆபத்தான நேரம், அது நம்மள விட அவங்களுக்கு நல்லா தெரியும். பிள்ளைங்க, காசு, போக ஒரு இடம், ஊர் பேச்சு, இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கற பாசம், எல்லாத்தையும் போட்டு அவங்க மனசுல ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். "எத்தன தடவை சொல்றது உங்களுக்கு"ன்னு ஒரே ஒரு தடவை நீங்க சலிச்சுக்கிட்டா போதும், அடுத்த தடவை அடி வாங்கினா வீட்டுலயே மஞ்சள் தடவிட்டு படுத்துக்குவாங்க.

உங்களுக்கும் இது பாரமாகும். முக்கியமா நீங்களே இத அனுபவிச்சவங்களா, இல்ல இப்பவும் அனுபவிக்கறவங்களா இருந்தா அந்தக் கேஸ இன்னொருத்தர்கிட்ட கொடுக்கறதுல வெக்கமே இல்ல, யார்கிட்ட மாத்தணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. வீட்டுல போய் கதையா சொல்லாதீங்க, ஊர் சின்னது. ஸ்டாஃப்ல நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட பேர் சொல்லாம பேசிட்டு தூங்குங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை, யாரும் செய்யறதில்ல. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல ரெஸ்ட் ரூம் பக்கத்துல உதவி நம்பர் ஒண்ணு வருஷக்கணக்கா ஒட்டி இருந்தது. ஒரு நாள் ராத்திரி ஒரு பொண்ணு போன் பண்ணலாம்னு சம்மதிச்சு, நானே டயல் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டேன், அந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு ரெக்கார்டு பண்ண குரல் வந்தது. அவங்க என்னை பாத்து லேசா சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. நீங்க டூட்டி சேர்ந்த முதல் வாரத்துலயே உங்க லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தடவை போன் போட்டு பாருங்க, பகல்ல ஒண்ணு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒண்ணு, யாரு எடுக்கறாங்க, எடுத்தவங்க பேரு என்ன, அந்த நேரத்துல ஒரு பொண்ண குழந்தையோட அனுப்பினா உள்ள விடுவாங்களான்னு கேட்டு, தேதி போட்டு எழுதி வைங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் போடுங்க.